விளக்கைச் சுற்றிய சாம்பல் பெட்டி

ஒரு குத்துவிளக்குப் படத்தை எடுத்துக்கொள்வோம். பித்தளை விளக்கு, ஐந்து முகம், உச்சியில் அன்னம், அடியில் தரையில் படியும் மெல்லிய நிழல். பாத்திரக் கடை ஒன்றின் இணையப் பக்கத்துக்காகச் செய்த படம். பக்கத்தின் பின்னணி சந்தன நிறம். விளக்கு அந்தச் சந்தனத்தின் மேலேயே ஊன்றி நிற்க வேண்டும். நிழலின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரைய வேண்டும். 2003 வாக்கில் இந்தத் தொழிலில் இருந்த எவருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்பது மனப்பாடம். செய்தவரின் கணினியில், மொசில்லா உலாவியில், விளக்கு அழகாக நிற்கும். கடைக்காரர் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போய் அதே பக்கத்தைத் திறப்பார். திரும்பி வந்து கேட்பார்: “தம்பி, விளக்கைச் சுத்தி எதுக்குப் பொட்டி கட்டியிருக்கே?”

சாம்பலில் கொஞ்சம் நீலம் கலந்தாற்போல ஒரு செவ்வகம். நிழல் கரைய வேண்டிய இடத்தில் அது கிடக்கும். படத்தில் குறை இல்லை, அதைக் காட்டிய உலாவியில்தான் குறை என்று விளக்கிச் சொல்லலாம். ஆனால் ஊரில் இருக்கிற எல்லாக் கணினியிலும் அந்த உலாவிதான் என்கிறபோது அந்த விளக்கத்துக்கு என்ன மதிப்பு?

அந்தப் பெட்டிக்கு இடமே கொடுக்காத ஒரு பட வடிவத்தை டபிள்யூ3சி என்ற உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1996 அக்டோபர் 1 அன்று தன் பரிந்துரையாக வெளியிட்டது. பிஎன்ஜி என்பது அதன் பெயர். உலகின் பெரும்பாலான கணினிகளில் இருந்த உலாவி, விண்டோஸின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர், அந்த வடிவத்தின் ஒளிபுகும் தன்மையை முழுதாகக் காட்டத் தொடங்கியது 2006 அக்டோபரில். சரியாகப் பத்தாண்டு. எழுதிவைத்த ஒரு பொது உடன்பாடு மக்கள் கண்ணுக்கு முன்னால் வந்து சேர என்னென்ன வேண்டியிருக்கிறது என்பதை இந்தப் பத்தாண்டைப் போலத் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறு எனக்குத் தெரியாது. அதனால்தான் பழைய கதை என்று இதை ஒதுக்க மனம் வரவில்லை.

கணினிப் படம் என்பது புள்ளிகளால் ஆன கட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. இதற்கு நான்காவதாக ஓர் எண் வேண்டும் என்று 1977இல் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் வேலை பார்த்த எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் கண்டார்கள். இந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கிறது, பின்னால் இருப்பதை எவ்வளவு விடுகிறது என்று சொல்லும் எண் அது. இரண்டு நிறங்களைக் கலக்கும் சூத்திரத்தில் வழக்கமாக எழுதும் கிரேக்க எழுத்தையே ஸ்மித் அதற்குப் பெயராக வைத்தார்: ஆல்ஃபா. 1984இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் படத்தின் மேல் படத்தை வைத்து இணைக்கும் முறைகளை எல்லாம் ஒரு கட்டுரையில் வகுத்துக் கொடுத்தார்கள். இந்த வேலைக்காக 1996இல் ஆஸ்கர் வழங்கும் அகாதெமி நால்வருக்கும் தொழில்நுட்ப விருது அளித்தது. ஆக, வலை பிறப்பதற்கு முன்பே கணக்கு தீர்ந்துபோன விஷயம் இது.

கணக்கும் பெரிய கணக்கு இல்லை. நம் விளக்கின் நிழலில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் கறுப்பு, ஆல்ஃபா 64. அதாவது 255இல் 64 பங்கு கறுப்பு, மீதி 191 பங்கு பின்னணி. பின்னணிச் சந்தனத்தின் எண்கள் 240, 220, 180 என்றால் திரையில் தெரிய வேண்டியது 180, 165, 135. கொஞ்சம் மங்கிய சந்தனம். பின்னணி பச்சையாக மாறினால் அதே புள்ளி மங்கிய பச்சையாகிவிடும். படம் செய்தவர் பின்னணி என்ன என்று தெரிந்துவைத்திருக்க வேண்டியதே இல்லை. பட்டர் பேப்பரில் வரைந்ததை எந்தத் தாளின் மேல் வைத்தாலும் அந்தத் தாள் தெரிகிற மாதிரி. மூன்று பெருக்கல், மூன்று கூட்டல். உலாவி செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

அதற்கு முன் வலையில் இருந்த ஜிஃப் வடிவம் அந்த அளவுக்குப் போகவில்லை. காம்புசர்வ் நிறுவனம் 1987இல் கொண்டுவந்தது. 1989இல் வந்த திருத்தத்தில், 256 நிறங்களில் ஏதாவது ஒன்றை ‘இது இல்லை’ என்று குறித்துவிடலாம் என்று வசதி செய்தார்கள். ஒரு புள்ளி ஒன்று முழுசாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. நடுவில் எதுவும் கிடையாது.

இந்த ‘நடுவில் எதுவும் கிடையாது’ தமிழைக் கடுமையாகவே தொட்டது. யூனிகோடு நிலைபெறாத நாட்களில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஓர் எழுத்துரு இருந்தது. அது பார்ப்பவரின் கணினியில் இல்லாவிட்டால் திரையில் வெறும் கிறுக்கல்தான் வரும். தலைப்பாவது எல்லோருக்கும் தெரியட்டும் என்று தலைப்புகளைப் படமாகச் செய்து போட்டார்கள். தமிழ் எழுத்தோ பெரும்பாலும் வளைவு. ‘ண’வின் சுழிகளைச் சதுரப் புள்ளிகளால் வழுவழுப்பாகக் காட்ட ஒரே வழி, ஓரத்துப் புள்ளிகளைப் பாதி எழுத்தாகவும் பாதி பின்னணியாகவும் வைப்பது. ஜிஃபில் அந்தப் பாதி கிடையாது. எனவே பின்னணி நிறத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, ஓரப் புள்ளிகளில் அந்த நிறத்தைக் கலந்து வைப்பார்கள். வெள்ளைத் தாளுக்கென்று செய்த தலைப்பை நீலப் பட்டையின் மேல் வைத்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சை பூத்தாற்போல இருக்கும். பக்கத்தின் நிறத்தை மாற்றினால் எல்லாத் தலைப்புகளையும் உட்கார்ந்து மறுபடி செய்ய வேண்டும். அந்தக் காலத்துத் தளங்கள் ஒரே நிறத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்ததற்கு ரசனையைவிட இந்த வேலைப்பளு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

பிஎன்ஜி பிறந்தது அழகுக்காக அல்ல, ஒரு காப்புரிமைத் தகராறில். ஜிஃப் தன் புள்ளிகளைச் சுருக்கப் பயன்படுத்திய எல்இசட்டபிள்யூ முறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1994 டிசம்பர் கடைசியில், ஜிஃப் படங்களைக் கையாளும் மென்பொருள் எழுதுபவர்கள் உரிமம் பெற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. 1995 ஜனவரி 4 அன்று தாமஸ் பௌட்டெல் என்ற நிரலாளர் யூஸ்நெட் என்ற இணைய விவாத மன்றத்தில் மாற்று வடிவம் ஒன்றின் முதல் வரைவை வைத்தார். யாருக்கும் யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பல நாட்டுக்காரர்கள் மின்னஞ்சலில் கூடி, ஒவ்வொரு விதியையும் பிய்த்துப் பார்த்து எழுதினார்கள். சுருக்குவதற்கு, காப்புரிமைத் தொல்லை இல்லாத முறையில் ஜான்-லூ கெய்யியும் மார்க் ஆட்லரும் எழுதிய ஸெட்லிப் கிடைத்தது. படிக்கவும் எழுதவும் லிப்பிஎன்ஜி என்ற நிரல் தொகுப்பைக் கய் எரிக் ஷால்நாட் தொடங்கிவைத்தார். அதை யார் வேண்டுமானாலும் தம் மென்பொருளில் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு புள்ளிக்கு 256 அளவு ஆல்ஃபா அந்த வடிவத்தின் உள்ளேயே இருந்தது.

அவர்கள் எவ்வளவு கவனமாக வேலை செய்தார்கள் என்பதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் பிஎன்ஜி கோப்பும் ஒரே எட்டு எண்களுடன்தான் தொடங்கும்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் வரும் 80, 78, 71 என்பவை பி, என், ஜி என்ற எழுத்துகள். மற்றவை காவல்காரர்கள். அந்தக் காலத்தில் சில மின்னஞ்சல் வழிகள் ஒவ்வொரு எண்ணிலும் எட்டாவது பிட்டை வெட்டிவிடும். அப்படி வெட்டினால் 137 கெட்டுப்போய் முதல் எண்ணிலேயே தெரிந்துவிடும். கோப்பை இடம் மாற்றும்போது சில கருவிகள் வரி முடிவுக் குறிகளைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றும். 13, 10 என்று ஜோடியாகவும் கடைசியில் 10 என்று தனியாகவும் வைத்ததால் எந்தத் திசையில் மாற்றினாலும் அகப்பட்டுக்கொள்ளும். டாஸ் கணினியில் யாராவது தெரியாமல் கோப்பை எழுத்தாகத் திறந்தால் 26 வந்த இடத்தில் காட்சி நின்றுவிடும், திரையில் குப்பை கொட்டாது. கோப்பு வழியில் அடிபடலாம், பெறுபவரின் கணினி எப்படியும் இருக்கலாம் என்று எட்டே எண்களில் யோசித்திருக்கிறார்கள். எனக்கு இது மிகப் பெரிய நாகரிகமாகப் படுகிறது.

இவ்வளவு யோசித்தவர்களால் ஒன்றைத்தான் கையில் வைத்துக்கொள்ள முடியவில்லை. படத்தைத் திறக்கும் உலாவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது உலாவிக்காரர்களின் கையில் இருந்தது. 1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 பிஎன்ஜி படத்தைத் திறந்தது. ஆல்ஃபாவைச் சரியாகக் கலக்கவில்லை. அதன் போட்டி உலாவியான நெட்ஸ்கேப் 4உம் அப்படித்தான். புது வடிவம், புது வேலை, போகப்போகச் சரியாகும் என்று எல்லோரும் பொறுத்தார்கள். சரியாகவும் தொடங்கியது. 2000 மார்ச்சில் மேக் கணினிகளுக்கென வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, டன்டெக் செலிக் முன்னின்று உருவாக்கிய டாஸ்மன் என்ற புதிய பொறியோடு வந்தது. அதில் ஆல்ஃபா முழுதாகக் கலந்தது, நிழல் கரைந்தது. மொசில்லா, ஓப்பரா 6, 2003 ஜனவரியில் அறிமுகமான சஃபாரி என்று மற்றவையும் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டன.

மேக்குக்கு அதைச் செய்தது மைக்ரோசாஃப்ட். விண்டோஸுக்குச் செய்யாததும் மைக்ரோசாஃப்ட். இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். அறிவு இல்லாமல் நடந்த தவறு அல்ல இது. ஒரே நிறுவனத்தின் இரண்டு குழுக்கள். ஒன்றின் கையில் தீர்வு இருந்தது. விண்டோஸ் குழுவும் இந்தக் குறையை அறிந்தே இருந்தது. 2000 ஜூலையில் வந்த 5.5 பதிப்பில் ‘ஆல்ஃபா இமேஜ் லோடர்’ என்று ஒரு வடிகட்டியைச் சேர்த்திருந்தார்கள். அதைத் தனியாக எழுதிக் கூப்பிட்டால் ஆல்ஃபா ஒழுங்காகக் கலக்கும். சாதாரணமாகப் படம் வைத்தால் கலக்காது. பெருக்கவும் கூட்டவும் தெரிந்த பொறி உள்ளே இருக்கிறது. வாசலில் வருகிற படத்துக்கு மட்டும் அதைத் திறந்துவிடவில்லை.

2001 ஆகஸ்டில் ஆறாம் பதிப்பு வந்தது, அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பியோடு சேர்ந்து உலகெங்கும் பரவியது. பிறகு வேலை நின்றது. நெட்ஸ்கேப் வீழ்ந்துவிட்டது, போட்டி இல்லை, உலாவிக் குழுவினர் வேறு வேலைகளுக்குக் கலைந்தார்கள். 2003இல் தனி உலாவியாக இனி புதுப் பதிப்பு வராது என்ற செய்தியும் வந்தது; மேக் பதிப்பும் அந்த ஆண்டு ஜூனில் கைவிடப்பட்டது. ஆல்ஃபாவைச் சரியாகக் காட்டியதை நிறுத்திவிட்டு, காட்டாததை உலகத்தின் மேசை மேல் விட்டுவைத்தார்கள். யாரோ திட்டமிட்டுப் பகைத்துச் செய்ததாக நான் நினைக்கவில்லை. எதிரில் ஆள் இல்லை என்றதும் நடை நின்றுவிட்டது. பகையைவிட அதுதான் எனக்கு அச்சம் தருகிறது.

சாம்பல் பெட்டி எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு பதில் உண்டு. பிஎன்ஜி கோப்பில் ‘பின்னணி தெரியாவிட்டால் இந்த நிறத்தின் மேல் காட்டு’ என்று ஒரு குறிப்பை வைக்கலாம். தனியாகப் படம் காட்டும் மென்பொருளுக்காக வைத்த உதவி அது. பின்னணி கைவசம் உள்ள உலாவிக்காக அல்ல. எக்ஸ்புளோரர் 6 பக்கத்தின் பின்னணியை விட்டுவிட்டு அந்தக் குறிப்பைப் பார்த்தது. குறிப்பு இல்லாவிட்டால் தானாக ஒரு சாம்பலை எடுத்துக்கொண்டது. இதைக் கண்டுபிடித்த சிலர் அந்தக் குறிப்பில் சந்தன நிறத்தை எழுதிவைத்துப் பெட்டியை மறைத்தார்கள். அதாவது பழையபடி ஜிஃப் காலத்துக்கே திரும்பி, பின்னணி நிறத்தைப் படத்துக்குள் கட்டிவைத்தார்கள்.

அடுத்து ஒட்டுப்போடும் வேலை தொடங்கியது. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். செய்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். அவர்கள் செய்த வேலை இன்று எந்தத் திரையிலும் தெரியாது.

வழி இப்படி. எக்ஸ்புளோரருக்கு மட்டும் கேட்கும் ஒரு சிறு நிரல், பக்கம் திறந்ததும் ஒவ்வொரு பிஎன்ஜி படத்தையும் தேடும். அந்த இடத்தில் ஒரு புள்ளி அகலம், ஒரு புள்ளி உயரமுள்ள, முழுக்க ஒளிபுகும் ஜிஃப் ஒன்றை வைக்கும். வெறும் 43 பைட். அதை நம் விளக்கின் அளவுக்கு இழுத்து நீட்டும். அதன் பின்னால் அந்த வடிகட்டியைக் கூப்பிட்டு விளக்கை வரையச் சொல்லும். பார்ப்பவருக்கு விளக்கு தெரியும், பெட்டி போய்விடும். ஆனால் விளக்கின் மேல் வலது பொத்தானை அழுத்திச் சேமித்தால் கையில் வருவது ஒன்றுமே இல்லாத அந்த ஜிஃப்தான்.

ஒட்டு ஒட்டுதானே. வடிகட்டி வழியாக வரைந்த படத்தைப் பின்னணியாகத் திரும்பத் திரும்ப ஓடவிட முடியாது. ஒன்று அப்படியே நிற்கும், இல்லாவிட்டால் இழுபடும். அதன் மேல் இருக்கும் இணைப்புகள் சில நேரம் சொடுக்கினால் வேலை செய்யாது. ‘பொசிஷன்’ என்று இன்னொரு வரி சேர்த்தால் உயிர் வரும், எல்லா இடத்திலும் வராது. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரியை மற்ற நடைக்கட்டளைகள் எல்லாம் பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் நடைக் கோப்பிலிருந்து எண்ணும். வடிகட்டி மட்டும் பக்கத்திலிருந்து எண்ணும். ஒரே படத்துக்கு இரண்டு முகவரி. இது தெரியாமல் நடுநிசி வரை உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்! நிறைய படங்கள் இருந்தால் பக்கம் திறப்பதே நத்தை வேகம் ஆகும். வடிகட்டியைத் தவிருங்கள் என்று யாஹூவின் வேகக் குழு தன் அறிவுரைகளில் சேர்த்தது இதனால்தான்.

இந்த ஒட்டுகளை எரிக் ஆர்விட்சன், ஆங்கஸ் டர்ன்புல், டீன் எட்வர்ட்ஸ் போன்றவர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டார். அவற்றை எடுத்துப் பயன்படுத்தியவர்களில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களும் உண்டு, நம் ஊரில் மாடி அறையில் இரண்டு கணினி வைத்துக் கல்யாண மண்டபத்துக்கும் பாலிடெக்னிக்குக்கும் பக்கம் செய்துகொடுத்தவர்களும் உண்டு. பெரிய நிறுவனம் இதற்கென்று ஓர் ஆளைப் போட்டுவிடும். மாடி அறைக்காரர் தன் தூக்கத்தைத்தான் போட வேண்டும். மொத்தமாகப் பேசிய தொகையில் ‘பெட்டி எடுத்ததற்கு’ என்று தனி வரி எழுத முடியாது. ஓரிடத்தில் மூன்று பெருக்கலும் மூன்று கூட்டலும் செய்யாமல் விட்டதற்கான விலையை, அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாத கடைசிக் கை கொடுத்தது. தரங்களைப் பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்திலும் இந்தக் கை நினைவில் இருக்க வேண்டும் என்பேன்.

நிறம் பிசகும் குறையும் இருந்தது. பிஎன்ஜியில் திரையின் ஒளி அளவைத் திருத்த ‘காமா’ என்று ஒரு குறிப்பு உண்டு. சில உலாவிகள் அதை மதித்தன, சில மதிக்கவில்லை. மதித்தவையும் பக்கத்தின் நிறத்துக்கு அதே திருத்தத்தைச் செய்யவில்லை. ஒரே எண் கொண்ட சந்தனம் படத்தில் ஒரு மாதிரியும் பக்கத்தில் வேறு மாதிரியும் தெரிந்தது. நல்ல எண்ணத்தில் வைத்த குறிப்பைத் தொழிலாளிகள் பிஎன்ஜிகிரஷ் போன்ற கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு நிம்மதி அடைந்தார்கள்.

நின்ற நடை எப்படி மறுபடி தொடங்கியது? 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது; மக்கள் இறக்கிக்கொண்டார்கள். 2005 பிப்ரவரியில் பில் கேட்ஸ், எக்ஸ்புளோரர் 7 வரும் என்று அறிவித்தார். அதே ஆண்டு ஏப்ரலில், உலாவிகள் தரத்தை மதிக்க வேண்டும் என்று பாடுபட்ட வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட் ‘ஆசிட்2’ என்ற சோதனைப் பக்கத்தை வெளியிட்டது. அதை எழுதியவர் இயன் ஹிக்சன். உலாவி எல்லா விதிகளையும் சரியாகச் செய்தால் திரையில் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று தெரியும். ஏதாவது ஒன்றில் தவறினால் முகம் கோணும், சிவப்பு கசியும். அந்த முகத்தின் கண்களில் பிஎன்ஜி ஆல்ஃபா இருந்தது. நூறு பக்க விதி நூலைப் படிக்காதவர்களும் ஒரு பார்வையில் எந்த உலாவி என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சஃபாரியின் உருவாக்கக் குழு இரண்டே வாரத்தில் அந்த முகத்தைச் சரியாக வரவழைத்துக் காட்டியது.

என் முடிவு இங்கிருந்து வருகிறது. விதி 1996இலேயே எழுதியாகிவிட்டது. அதில் பெரிய தெளிவின்மை ஒன்றும் இல்லை. இருந்தும் பத்தாண்டு சும்மா கிடந்தது. நடக்க வைத்தவை இரண்டு: போய்ச் சேர இன்னோர் உலாவி இருந்தது, யார் செய்தார்கள், யார் செய்யவில்லை என்று யாரும் பார்க்கும்படி ஒரே சோதனை நடுத்தெருவில் இருந்தது. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விதி தாளில் தூங்கும்.

2006 அக்டோபரில் ஆல்ஃபாவோடு ஏழாம் பதிப்பு வந்த பிறகும் பெட்டி உடனே ஒழியவில்லை. அசல் உரிமம் உள்ள விண்டோஸ் என்று சரிபார்த்த பின்தான் முதலில் அதை நிறுவ விட்டார்கள்; 2007 அக்டோபரில்தான் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். உரிமம் இல்லாத விண்டோஸ் ஓடிய கணினிகள் அதுவரை ஆறிலேயே தங்கின. ஏழிலும் எட்டிலும்கூட ஆல்ஃபா உள்ள படத்தை மெல்ல மறையவோ தோன்றவோ செய்தால் ஓரங்களில் கறுப்பு படிந்தது; 2011இல் ஒன்பது வந்தபோதுதான் அதுவும் தீர்ந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாஃப்டே ஆறாம் பதிப்பை உலகத்திலிருந்து விடைகொடுத்து அனுப்ப ஒரு தளம் தொடங்கியது. தாங்கள் செய்ததை விட்டுவிடுங்கள் என்று மக்களிடம் கேட்க ஒரு நிறுவனம் முன்வந்தது நல்ல காரியம். அதை மனதாரச் சொல்ல வேண்டும்.

அதற்குள் ஜிஃபின் காப்புரிமை 2003இல் அமெரிக்காவிலும் 2004இல் மற்ற நாடுகளிலும் காலாவதியாகிவிட்டது. பிஎன்ஜி பிறந்த காரணமே மறைந்தது. ஆனால் யாரும் பிஎன்ஜியை விடவில்லை. தகராறில் பிறந்த பிள்ளை ஆல்ஃபாவால் வாழ்ந்தது.

இதே பத்தாண்டு மறுபடியும் வந்தது. 2010 செப்டம்பரில் கூகுள் வெப்பி என்ற வடிவத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டு அதில் ஆல்ஃபாவும் சேர்ந்தது. பிஎன்ஜியைவிடச் சிறிய கோப்பு. ஃபயர்ஃபாக்ஸ் அதை 2019இல் ஏற்றது, சஃபாரி 2020இல். இதை எக்ஸ்புளோரர் கதையோடு ஒன்றாக வைத்துத் தீர்ப்பெழுத எனக்கு விருப்பமில்லை. வெப்பி பலர் கூடி ஒத்துக்கொண்ட தரமாகப் பிறக்கவில்லை. ஒரு நிறுவனம் செய்து முன்வைத்தது, மற்றவர்கள் தயங்க நியாயம் இருந்தது. இந்தத் தடவை தொழிலாளிக்கு நேர்மையான ஒரு வழியும் இருந்தது. ‘பிக்சர்’ என்ற குறியில் இரண்டு படத்தையும் வைத்தால், உலாவி தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும். ஏமாற்று ஜிஃப் வேண்டாம், வடிகட்டி வேண்டாம். அந்தக் குறியை விதியில் சேர்த்தவர்கள் பழைய ஒட்டுக்காரர்களின் இரவுகளை மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் 2022 அக்டோபரில் நடந்ததை அவ்வளவு எளிதாகக் கடக்க முடியவில்லை. ஜேபெக் எக்ஸ்எல் என்பது ஐஎஸ்ஓ தரமாக எழுதிய வடிவம். ஆல்ஃபா அதில் உண்டு. குரோம் உலாவியில் சோதனை நிலையில் இருந்த அதை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். போதிய ஆர்வம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மறு ஆண்டு சஃபாரி 17 அதைச் சேர்த்துக்கொண்டது. குரோமின் பொறியில்தான் எட்ஜ், ஓப்பரா முதல் பல உலாவிகள் ஓடுகின்றன. அங்கே ஒரு கதவை மூடினால் பெரும்பாலான கணினிகளில் அந்த வடிவம் இல்லாத மாதிரிதான். அந்த முடிவு தொழில்நுட்ப அளவில் சரியா என்பது தனி வாதம். 2001க்குப் பின் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரே பொறி இவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்வது நிம்மதியான செய்தி அல்ல.

நிம்மதி தருவதும் இருக்கிறது. 2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவை வேறு சில நிறுவனங்களோடு சேர்ந்து ‘இன்டராப்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் சில விஷயங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே சோதனைத் தொகுப்பில் எல்லா உலாவிகளையும் ஓடவிட்டு, மதிப்பெண்ணைப் பொதுவில் வைக்கின்றன. ஆசிட்2வின் ஒற்றை முகம் இப்போது ஆயிரக்கணக்கான சிறு சோதனைகளாகப் பெருகியிருக்கிறது. போட்டியாளர்கள் ஒரே பலகையின் முன் நிற்கிறார்கள். அந்தப் பலகை நிலைக்க வேண்டும். அதில் ஏறுகிற விஷயங்களை நிறுவனங்கள் மட்டும் தேர்ந்தெடுக்காமல் மாடி அறைக்காரர்களின் குரலும் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2025 ஜூனில் பிஎன்ஜியின் மூன்றாம் பதிப்பை டபிள்யூ3சி வெளியிட்டது. அசையும் படம் முறைப்படி உள்ளே வந்தது; புதிய திரைகளின் அதிகப் பிரகாசத்துக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். கோப்பின் தொடக்கத்தில் அதே 137, அதே 80, 78, 71. 1996இல் செய்த படம் இன்றைய கைபேசியில் திறக்கிறது.

இன்று நம் ஊர் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனால் ‘பிஎன்ஜி’ என்பது கோப்பு வடிவத்தின் பெயராகவே இல்லை. பின்னணி எடுத்த படம் என்று பொருள். லோகோவைப் போட்டோவாகக் கைபேசியில் அனுப்பினால் வழியில் அது ஜேபெக்காக மாறி, ஆல்ஃபா தொலைந்து, வெள்ளைக் கட்டத்தோடு வந்து சேரும். அதனால் கடைப் பையன் முதலிலேயே சொல்லிவிடுகிறான்: “அண்ணே, பிஎன்ஜி இருந்தா டாக்குமென்ட்டா அனுப்புங்க.” கடைக்காரர் அனுப்புகிறார். கோயில் திருவிழாவுக்கான சிவப்புப் பின்னணியின் மேல் விளக்கை இழுத்து வைக்கிறான். நிழல் சிவப்பில் கரைகிறது. போதுமா, இன்னும் பெரிதாக்க வேண்டுமா என்று மட்டும் கேட்கிறான்.